வீடு வாங்கித் தருபவரின் கையிலுள்ள அமானிதம்

ஜும்ஆப் பேருரை - கோரிப்பாளையம், மதுரை

புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலித்து வரும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் அண்ணலெம் பெருமானார் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள், அவர்களைப் பின்பற்றிய நல்லோர் அனைவர் மீதும் உண்டாவதாக! ஆமீன்.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! இல்லங்களில் இருந்து இதனைப் படிக்கும் சகோதரிகளே!

நம் கோரிப்பாளையத்திலிருந்தும், அதனைச் சூழ்ந்த செல்லூர், நரிமேடு, மதிச்சியம் முதலிய பகுதிகளிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் பிழைப்பு நாடிச் சென்றவர்கள் ஏராளம். அவர்களுடைய உள்ளங்களில் குடிகொண்டிருக்கும் ஆசைகளில் முதன்மையானது, ஊரில் சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்பதே. ஆனால் விடுப்பில் வரும் சில வாரங்களுக்குள் வீடு தேடி, பத்திரம் பார்த்து, விலை பேசி, பதிவும் முடித்துத் திரும்புவது எளிதன்று. ஆகவே ஊரில் உள்ள ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைக்கிறார்கள். அவர் அண்ணனாக இருக்கலாம், மச்சானாக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம், கமிஷன் பெறும் தரகராகவும் இருக்கலாம். யாராக இருப்பினும், கடல் கடந்து இருப்பவருக்குக் கண்ணும் காதும் அவரே, கையெழுத்தும் அவரே.

பத்துப் பதினைந்து ஆண்டுகள் வெயிலில் உழைத்துச் சேர்த்த பொருள் முழுவதும் ஒருவருடைய கையில் வந்து சேர்கிறது. அந்தக் கை அமானிதம் பேணும் கையாக இருந்தால் ஒரு குடும்பம் வாழ்கிறது. தவறினால் பணமும் போகிறது, பாசமும் போகிறது. அண்ணன் தம்பி ஸலாம் சொல்லிக்கொள்ளாத நிலையும் வந்துவிடுகிறது. ஆகவே, வாங்கித் தருபவரின் கடமை என்ன, அவரை அமர்த்துபவரின் கடமை என்ன என்பதை மார்க்கத்தின் ஒளியில் இன்று சிந்திப்போம்.

குகைவாசிகள் அனுப்பிய தோழர்

தமக்குப் பதிலாகப் பிறர் ஒருவரை அமர்த்திக் காரியம் முடிப்பதை ஃபிக்ஹு நூல்கள் வகாலத் என்று அழைக்கின்றன. அமர்த்துபவர் முவக்கில், அமர்த்தப்படுபவர் வகீல். இச்சொல் நமக்குப் புதிதன்று. நிக்காஹ் மஜ்லிஸில் மணமகளிடம் சம்மதம் பெற்று வருபவரை நாம் வக்கீல் என்றுதானே சொல்கிறோம்!

இதற்கு அறிஞர்கள் காட்டும் ஆதாரங்களுள் ஒன்று அல்கஹ்ஃபு அத்தியாயத்தின் 19ஆம் வசனம். நீண்ட உறக்கத்திலிருந்து எழுந்த குகைவாசிகள், தங்களில் ஒருவரிடம் வெள்ளிக் காசைக் கொடுத்து உணவு வாங்கிவர நகருக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது வெறுங்கட்டளை இடவில்லை. உணவில் தூய்மையானது எது என்று பார்த்து வாங்க வேண்டும். நளினமாக நடந்துகொள்ள வேண்டும். தங்களைப் பற்றி எவருக்கும் தெரிவித்துவிடக் கூடாது என்றெல்லாம் தெளிவாகச் சொல்லி அனுப்பினார்கள்.

ஒரு வேளை உணவு வாங்க அனுப்பியவருக்கே இத்தனை தெளிவான அறிவுரை! நாமோ, அரைக் கோடி ரூபாய்க்கு வீடு வாங்கச் சொல்லும்போது, நல்லதாய்ப் பார்த்து முடிச்சு விடுங்க மாமா என்று தொலைபேசியில் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறோம். எந்தப் பகுதி, எத்தனை சென்ட், அதிகபட்ச விலை என்ன, எவை இல்லாவிட்டால் வேண்டாம் என்பவற்றைச் சொல்லாமல் அனுப்பிவிட்டு, வந்த பிறகு குறை சொல்வது எந்த வகையில் நியாயம்?

ஒரு தீனாரும் இரண்டு ஆடுகளும்

உர்வா அல்பாரிக்கி (ரலி) என்ற நபித்தோழரின் நிகழ்ச்சி ஸஹீஹ் புகாரியில் பதிவாகியுள்ளது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவரிடம் ஒரு தீனாரைக் கொடுத்து, ஓர் ஆடு வாங்கிவரச் சொன்னார்கள். அவர் அந்த ஒரு தீனாருக்கு இரண்டு ஆடுகளை வாங்கினார். அவற்றில் ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றார். பிறகு ஓர் ஆட்டையும் ஒரு தீனாரையும் கொண்டுவந்து நபியவர்களிடம் ஒப்படைத்தார். அவருடைய வணிகத்தில் பரக்கத் உண்டாக நபியவர்கள் துஆச் செய்தார்கள். அதன் பின் மண்ணை வாங்கினாலும் அதில் அவருக்கு இலாபம் கிடைக்கும் என்று சொல்லும் அளவுக்கு அவருடைய வணிகம் செழித்தது.

இந்த வரலாற்றை ஆழ்ந்து நோக்குங்கள். நபியவர்கள் கேட்டது ஓர் ஆடு. உர்வா (ரலி) அவர்கள் ஓர் ஆட்டை மட்டும் கொடுத்துவிட்டு, தீனாரைத் தம் பையில் போட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? சொன்ன விலைக்குச் சொன்ன பொருள் வந்துவிட்டதே, மிச்சம் என் சாமர்த்தியம் என்று அவர் எண்ணவில்லை. தாம் நின்றது நபியவர்களின் இடத்தில். தம் கையில் இருந்தது நபியவர்களின் பணம். எனவே அதனால் விளைந்த ஆதாயமும் அவர்களுக்கே உரியது என்று அறிந்திருந்தார்.

இதை நம் ஊர் நடப்போடு ஒப்பிடுவோம். வீட்டுக்காரர் 54 லட்சத்திற்கு இசைகிறார். வாங்கித் தருபவரோ வெளிநாட்டில் இருப்பவரிடம் 60 லட்சம் என்று சொல்கிறார். இடையிலுள்ள 6 லட்சம் அவருடைய சாமர்த்தியத்தின் கூலியா? நிச்சயமாக இல்லை. அது அனுப்பியவரின் உழைப்பு. அதில் ஒரு ரூபாயும் அவர் அறியாமல் எடுப்பதற்கு வகீலுக்கு உரிமை கிடையாது.

வாங்குவதற்கு ஒரு குறிப்பிட்ட பொருளைச் சுட்டிக்காட்டி வகீலாக அமர்த்தப்பட்டவர், அப்பொருளைத் தமக்கென வாங்கிக்கொள்ளக் கூடாது என்று ஹனஃபீ சட்ட நூல்கள் தெளிவாகக் கூறுகின்றன. நம் நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 216ஆம் பிரிவுக்குத் தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டே ஒரு வீடு பற்றியதுதான். குறிப்பிட்ட வீட்டை வாங்கித் தரும்படி ஒருவர் தம் முகவரிடம் சொல்கிறார். அவரோ, அதை வாங்க இயலாது என்று கூறிவிட்டுத் தாமே வாங்கிக்கொள்கிறார். உண்மை வெளிப்பட்டால், முகவர் கொடுத்த அதே விலைக்கு அந்த வீட்டைத் தமக்கு விற்கும்படி அமர்த்தியவர் அவரைக் கட்டாயப்படுத்தலாம். மனிதச் சட்டம் நீதிமன்றம் வரைதான் வரும். மறுமையின் விசாரணையோ மறைத்த ஒவ்வொரு காசையும் தேடி வரும்.

இரு பக்கமும் நீளும் கை

அப்படியானால் தரகுக் கூலி கூடாதா என்று கேட்கலாம். கூடும். தரகரின் கூலியில் தவறில்லை என்று இப்னு ஸீரீன், அதா, இப்ராஹீம், ஹஸன் (ரஹ்) ஆகியோர் கருதியதை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் நூலில் எடுத்துக் கூறியுள்ளார்கள். இன்ன விலைக்கு விற்றுவிடு, அதற்கு மேல் கிடைப்பது உனக்கு என்று ஒருவர் சொல்வதில் குற்றமில்லை என்ற இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கருத்தும் அங்கே இடம்பெற்றுள்ளது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே பொருளுக்குரியவர் அறிந்து, வாயால் சொல்லி, மனம் பொருந்திக் கொடுக்கிறார். நம்மிடையே நடப்பதோ மறைவாக எடுத்துக்கொள்வது. முன்னது கூலி, பின்னது மோசடி.

அஸ்த் குலத்தைச் சேர்ந்த இப்னுல் லுத்பிய்யா என்பவரை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஸகாத் வசூலிக்க அனுப்பினார்கள். திரும்பி வந்த அவர், இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டினார். நபியவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் தந்தை அல்லது தாயின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று வன்மையாகக் கேட்டார்கள்.

வாங்கித் தருபவர்களே! இந்தக் கேள்வியை உங்களை நோக்கிக் கேட்டுக்கொள்ளுங்கள். விற்பவர் உங்களுக்குத் தனியே ஒரு விழுக்காடு தருகிறார் என்றால், எதற்காகத் தருகிறார்? நீங்கள் வீட்டில் சும்மா இருந்திருந்தால் தந்திருப்பாரா? விலை குறையாமல் பார்த்துக்கொள்ளவும், குறைகளைக் கேளாமல் விடவும் தரப்படும் பணம் அது. இருவரிடமும் பெறுவது ஊர் வழக்கமாயின், அதை இருவருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்ல நா கூசினால், அதுவே அந்தப் பணத்தின் தன்மையைக் காட்டிக் கொடுத்துவிடும்.

அமர்த்துபவர்களே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. சொந்தக்காரர்தானே, இவருக்கு எதற்குக் கூலி என்று நினையாதீர்கள். பத்து முறை பதிவு அலுவலகத்திற்கும் வழக்கறிஞரிடமும் அலைபவருக்குப் பெட்ரோல் செலவைக்கூட நினைத்துப் பார்க்காமல் இருப்பதும் அநீதியே. தொடங்கும்போதே இவ்வளவு என்று பேசி முடிவு செய்யுங்கள். வியர்வை உலர்வதற்கு முன் உழைத்தவரின் கூலியைக் கொடுத்துவிட நபியவர்கள் ஏவியிருப்பதை மறவாதீர்கள். வேண்டாம் என்று அவர் மனமுவந்து மறுத்தால், அது அவருக்கு ஸதகாவின் நன்மையைத் தேடித் தரும்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அச்சட்டத்தின்படி பதிவு செய்யப்பட வேண்டிய மனைப்பிரிவுகளையும் அடுக்குமாடித் திட்டங்களையும் விற்றுத் தரும் முகவர்கள் பதிவு பெற வேண்டும், கணக்கேடுகள் பேண வேண்டும் என்று விதித்துள்ளது. தமிழ்நாட்டில் அதற்கென ஓர் ஆணையமும் இயங்குகிறது. அத்தகைய திட்டத்தில் வாங்குவோர் திட்டத்தின் பதிவு எண்ணையும் முகவரின் பதிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். பழைய தனி வீடு ஒன்றை முடித்துத் தரும் தெருத் தரகருக்கு இக்கட்டாயம் இல்லை. அங்கே காவலாக நிற்பவை அவருடைய இறையச்சமும், நீங்கள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமும்தாம்.

குவியலுக்கு அடியில் இருந்த ஈரம்

கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதனுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. காரணம் கேட்டபோது, மழை பட்டுவிட்டது என்றார் வணிகர். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்ற செய்தி.

நம் ஊர் வீடுகளிலும் ஈரம் உண்டு. 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் பெய்த பெருமழையில் பந்தல்குடி வாய்க்கால் பெருகியதையும், செல்லூர்ப் பகுதித் தெருக்களிலும் வீடுகளிலும் தண்ணீர் புகுந்ததையும் நாம் கண்டோம். அத்தகைய தெருவில் உள்ள வீட்டைச் சித்திரை வெயிலில், புதிதாகச் சாயம் பூசிய பின் படம் எடுத்து அனுப்பினால், ஜித்தாவில் இருப்பவருக்கு என்ன தெரியும்? மழை வந்தால் இத்தெருவில் தண்ணீர் நிற்கும் என்று சொல்லும் கடமை யாருக்கு? விற்பவருக்கும் உண்டு, வகீலுக்கு அதனினும் அதிகம் உண்டு. குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்க்கத்தான் அவர் அமர்த்தப்பட்டார்.

கண்ணுக்குத் தெரியாத ஈரம் பத்திரங்களிலும் இருக்கும். வீட்டுக்கு உரியவராக இருந்த தந்தை மௌத்தாகிவிட்டார். ஆண்மக்கள் மூவரும் கூடி விற்கிறார்கள். வில்லங்கச் சான்றில் குறையேதும் தெரியவில்லை. ஆனால் இரண்டு பெண்மக்களின் கையெழுத்து எங்கே? தாயின் பங்கு எங்கே? அன்னிஸா அத்தியாயத்தில் அல்லாஹ் விதித்துக் கொடுத்த பங்குகள் தந்தையின் மௌத்தோடு அவர்களுக்கு உரிமையாகிவிட்டன. அவர்கள் விட்டுக்கொடுத்து எழுதித் தராத வரை அந்த வீட்டின் ஒரு பகுதி பிறர் சொத்து. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவருக்கு ஏழு பூமிகள் கழுத்தில் மாட்டப்படும் என்ற நபிமொழியின் எச்சரிக்கையை எண்ணி நடுங்க வேண்டாமா? சகோதரிகளின் உரிமையை மறைத்து விற்பவரோடு, அதை அறிந்தே வாங்கித் தருபவரும் பாவத்தில் பங்காளியாகிறார்.

வக்ஃபு நிலம் இன்னும் கவனத்திற்குரியது. வக்ஃபு வாரியத்தின் மேற்பார்வையிலுள்ள நிலங்களின் விற்பனை ஆவணங்களைப் பதிவு செய்வதற்குப் பதிவுச் சட்டத்தின் தமிழ்நாட்டுத் திருத்தமான 22-ஏ பிரிவு தடை விதிக்கிறது. அங்கீகாரம் பெறாத மனைகளுக்கும் அப்பிரிவில் தடை உண்டு. மேலும், வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் குடியிருப்புச் சொத்தை வாங்கலாம். விவசாய நிலத்தையும் பண்ணை வீட்டையும் விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்ட விதிகள் இடம் தரவில்லை. 2019 ஜனவரியில் தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அது போன்ற பெயர்களைச் சொல்லி, மனை என்று நிலம் விற்க வருவோரிடம், இது பட்டாவில் என்ன வகைப்பாடு, மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்று கேட்பது வகீலின் முதற்கடமை.

சந்தை விலை அறியாத வணிகக் கூட்டத்தாரை ஊருக்கு வெளியே எதிர்கொண்டு சரக்கு வாங்குவதை நபியவர்கள் தடை செய்தார்கள். அறியாமையை மூலதனமாக்கிப் பிழைப்பதை மார்க்கம் வெறுக்கிறது. இன்று வெளிநாட்டில் இருப்பவரின் அறியாமை அத்தகையதே. ஆகவே ஒருவர் சொல்லும் விலையோடு நில்லாமல், அதே தெருவில் அண்மையில் நடந்த இரண்டு மூன்று விற்பனைகளை விசாரித்துக்கொள்ளுங்கள்.

எழுதி வையுங்கள்

திருமறையிலேயே மிக நீண்ட வசனம் எது தெரியுமா? தொழுகை பற்றியதோ நோன்பு பற்றியதோ அன்று. அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுத்தர் நீதியாக எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சடைந்துவிடக் கூடாது என்று அது விரிவாகப் போதிக்கிறது.

நம் கோரிப்பாளையத்தின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. பாண்டிய மன்னருக்கு 14,000 பொன் கொடுத்துப் பெறப்பட்ட ஆறு கிராமங்களின் உரிமை குறித்துப் பிற்காலத்தில் பிணக்கு எழுந்தபோது, 1573ஆம் ஆண்டில் வீரப்ப நாயக்கர் விசாரித்து அவ்வுரிமையை உறுதிப்படுத்திக் கல்லில் பொறிக்கச் செய்தார் என்று தர்கா வரலாற்றில் சொல்லப்படுகிறது. கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை. எழுத்துத்தான் நின்று பேசியது.

வெளிநாட்டிலிருந்து வாங்குவோர் கீழ்க்கண்டவற்றைக் கட்டாயம் எழுத்தில் வையுங்கள்.

முதலாவது, அதிகாரப் பத்திரம். பவர் என்று நாம் சொல்வது இதைத்தான். எல்லாக் காரியத்திற்குமான பொது அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். இன்ன சர்வே எண், இன்ன வீடு, இன்ன விலைக்கு மேற்படாமல், உங்கள் பெயரில் கிரயம் பெற்றுக் கையொப்பமிட மட்டும் அதிகாரம் என்று தனி அதிகாரப் பத்திரமாக எழுதுங்கள். விற்கவும் அடமானம் வைக்கவும் அதிகாரம் இல்லை என்பதைக் குறிப்பிடுங்கள். முடிவுத் தேதியையும் குறிப்பிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் இந்தியத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ அதிகாரியின் முன்னிலையில் அதில் கையொப்பமிட்டுச் சான்று பெறலாம். அது இந்தியாவை வந்தடைந்த 3 மாதங்களுக்குள் உரிய முத்திரைத் தீர்வையைச் செலுத்திவிட வேண்டும். அமர்த்தியவர் மௌத்தாகிவிட்டால் வகாலத் முடிந்துவிடும் என்பது ஃபிக்ஹின் சட்டம். பொதுவாக இந்திய ஒப்பந்தச் சட்டமும் அவ்வாறே கூறுகிறது.

இரண்டாவது, விற்பவர் தரப்பின் பத்திரங்கள். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது ஆகியவற்றின் நகல்களை வாங்கி, உங்களுக்கு நம்பிக்கையான வழக்கறிஞரிடம் நீங்களே நேரடியாக அனுப்புங்கள். தரகர் காட்டும் வழக்கறிஞரையே நம்பியிராதீர்கள். வில்லங்க விவரங்களைத் தமிழகப் பதிவுத்துறையின் இணையதளத்தில் ரியாதில் இருந்தபடியே கட்டணமின்றிப் பார்க்கலாம். விற்பவர் பவர் பத்திரத்தை மட்டும் எழுதிக் கொடுத்து, இதுவே கிரயம் என்று சொன்னால் ஏற்காதீர்கள். பொது அதிகாரப் பத்திரத்தின் மூலம் நடக்கும் விற்பனை உரிமை மாற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபர் 11 அன்று தீர்ப்பளித்துள்ளது.

மூன்றாவது, பணம் செல்லும் வழி. வெளிநாட்டு இந்தியருக்கான வங்கிக் கணக்கிலிருந்து விற்பவரின் வங்கிக் கணக்கிற்கே நேராக அனுப்புங்கள். இடையில் எவருடைய கையிலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். உண்டியல் வழியே அனுப்பிய பணத்திற்கு நாளை எந்தச் சான்றும் கிடைக்காது. அது சட்டத்திற்கும் புறம்பானது. தமிழ்நாட்டில் கிரயத்திற்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் ஆகின்றன. இதைக் குறைப்பதற்காக உண்மை விலையை மறைத்துப் பத்திரத்தில் குறைத்து எழுதுவது பொய்ச்சாட்சி. பொய்யின் மீது எழுப்பிய வீட்டில் பரக்கத்தை எதிர்பார்க்க முடியுமா?

யார் பெயரில்?

இனி, குடும்பங்களைப் பிளக்கும் மிகப் பெரிய காரணத்திற்கு வருவோம். அவன் அங்கே இருக்கிறான், அலைச்சல் எதற்கு, இப்போதைக்கு என் பெயரில் வாங்கி வைக்கிறேன், வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று அண்ணன் சொல்கிறார். தம்பியும் நம்புகிறார். அண்ணன் நல்லவர்தான், நம்பிக்கை மோசம் செய்யும் எண்ணம் அவருக்கு இல்லைதான். ஆனால் மௌத் யாருக்கும் தவணை சொல்லி வருவதில்லை. அண்ணன் மௌத்தானால் பத்திரத்தின்படி வீடு அண்ணனின் மனைவி மக்களுக்குப் போய்ச் சேரும். தம்பி மௌத்தானாலோ, இது உன் கணவர் வாங்கிய வீடு என்று அவருடைய விதவையிடம் சொல்வதற்கு ஒரு காகிதமும் இருக்காது. அநாதைகளாகும் அந்தப் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

சட்டமும் இதனை அனுமதிக்கவில்லை. ஒருவர் பணத்தில் மற்றொருவர் பெயரில் வாங்குவதை 1988ஆம் ஆண்டின் பினாமிச் சட்டம் தடை செய்கிறது. 2016 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, குற்றத்திற்கு 1 முதல் 7 ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனையும், சந்தை மதிப்பில் 25 விழுக்காடு வரை அபராதமும் உண்டு, சொத்தும் பறிமுதலாகலாம். பினாமியாக வாங்கிய சொத்தைத் தன்னுடையது என்று வழக்குத் தொடுத்து மீட்கவும் அச்சட்டம் வழி வைக்கவில்லை. கணக்கில் காட்டிய வருமானத்தில் மனைவி, பிள்ளைகள் பெயரில் வாங்குவதற்கு விதிவிலக்கு உண்டு. உடன்பிறந்தார், பெற்றோர் பெயரைச் சேர்ப்பதாயின் பணம் கொடுத்தவரின் பெயரும் கூட்டாக ஆவணத்தில் இருக்க வேண்டும்.

மனைவி பெயரில் வாங்குவோரும் ஒன்றைத் தெளிவுபடுத்துங்கள். அது அவருக்கு நீங்கள் ஹிபாவாக வழங்கிய வீடா, அல்லது பெயர் மட்டும் அவருடையதா? இதை உயிரோடு இருக்கும்போதே சாட்சிகளை வைத்து எழுதிவிட்டால், நாளை உங்கள் பெற்றோருக்கும் மனைவி மக்களுக்கும் இடையே பங்குத் தகராறு எழாது.

நம்பிக்கையும் மேற்பார்வையும்

இத்தனை நிபந்தனைகள் போட்டால் சொந்தக்காரர் மனம் நோகுமே என்று சிலர் தயங்குவார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வணிகத்தை நினைத்துப் பாருங்கள். தம் சரக்கை ஷாம் தேசத்திற்குக் கொண்டுசெல்ல, மக்கா முழுவதும் அல்அமீன் என்று போற்றிய பெருமானாரையே அவர்கள் அமர்த்தினார்கள். அத்தகைய நம்பிக்கைக்குரியவரோடும் தம் ஊழியர் மைஸராவை உடன் அனுப்பினார்கள். திரும்பி வந்த மைஸரா, தாம் கண்டதையெல்லாம் எடுத்துரைத்தார். கண்ட சாட்சி ஒருவர் இருந்ததால் நம்பிக்கை குறையவில்லை, வளர்ந்தது. கணக்குக் காட்டுவது நல்லவருக்குச் சுமையாகாது. அதுவே அவருக்குக் கேடயமாகும். நாளை யாரேனும் அவதூறு சொன்னால், அந்தக் கணக்கே அவருக்காகப் பேசும்.

யாரை அமர்த்துவது என்பதற்கும் திருமறை அளவுகோல் தந்துள்ளது. மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்தும்படி தந்தையிடம் பரிந்துரைத்த மத்யன் நாட்டுப் பெண்மணி, வலிமை, நம்பிக்கை ஆகிய இரண்டையும் குறிப்பிட்டதாக அல்கஸஸ் அத்தியாயம் கூறுகிறது. மிக நல்லவர், ஆனால் பத்திரம் படிக்கத் தெரியாதவர் என்றால் போதாது. மிகக் கெட்டிக்காரர், ஆனால் நாணயம் இல்லை என்றாலும் கூடாது. இரண்டும் ஒருவரிடம் கிடைக்காவிட்டால், நம்பிக்கைக்குரிய உறவினர் ஒருவரையும் விவரமறிந்த வழக்கறிஞர் ஒருவரையும் சேர்த்து அமர்த்துங்கள். ஊரில் இருக்கும் உங்கள் மனைவி படித்தவரானால், அவரிடமே பத்திரங்களைக் காட்டிப் புரியவையுங்கள். அந்த வீட்டில் வாழப்போகிறவர் அவர்; தண்ணீர் வருமா, பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் அருகில் உண்டா என்பதை அவரைவிட அக்கறையாகப் பார்ப்பவர் யார்?

ஊரில் இருக்கும் சகோதரர்களே! வெளிநாட்டில் இருப்பவர் உங்களிடம் பணத்தை மட்டும் அனுப்பவில்லை. பெற்ற பிள்ளையின் மழலையைத் தொலைபேசியில் மட்டும் கேட்ட ஆண்டுகளை அனுப்பியிருக்கிறார். வாப்பாவின் ஜனாஸாவிற்கு வர முடியாமல் அழுத இரவுகளை அனுப்பியிருக்கிறார். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைத்துவிடும்படி அன்னிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். உர்வா (ரலி) அவர்கள் ஆட்டையும் தீனாரையும் ஒருசேரக் கொண்டுவந்து வைத்ததைப் போல, வீட்டுச் சாவியையும் பத்திரத்தையும் மிச்சப் பணத்தையும் கணக்குத் தாளையும் உரியவரிடம் வையுங்கள். அப்போது உங்களுக்காக எழும் துஆ, எந்தக் கமிஷனாலும் ஈடு செய்ய முடியாத செல்வமாகும்.

வல்ல நாயனே! தூர தேசங்களில் உழைக்கும் எங்கள் மக்களின் பொருளையும் மானத்தையும் பாதுகாப்பாயாக! அவர்களுக்காகக் காரியமாற்றுவோரின் கைகளைத் தூய்மையாக்குவாயாக! பிறர் உரிமை கலவாத, ஹலாலான பொருளால் அமைந்த இல்லங்களை எங்களுக்குத் தந்து, அவற்றில் பரக்கத்தையும் நிம்மதியையும் நிலைக்கச் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.